காபிப் பாத்திரத்தில் மலையேறிய மீன்



ஆகஸ்ட் மாதம் பாதி கடந்ததும் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ட்ரவுட் மீன் பிடிப்பவர்களின் பேச்சு மாறிவிடும். அதுவரை ஆறுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உயரத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். ஒன்பதாயிரம் அடி, பத்தாயிரம் அடி, பதினோராயிரம் அடி என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும். காரணம் எளிது. கீழே ஆறுகள் மெலிந்து சூடேறிக் கிடக்கின்றன. மொன்டானா மாநிலத்தில் ஆற்று நீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாட்கள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை அங்கே தூண்டில் போட மாநில மீன்வளத் துறை தடை விதிக்கலாம். செல்சியஸ் கணக்கில் அது ஏறக்குறைய 23. நமக்கு இதமான குளிர்ச்சி. ட்ரவுட்டுக்கு மூச்சு முட்டும் வெப்பம்.

அந்த நாட்களில் தூண்டில்காரருக்குத் திறந்திருக்கும் வழி மேலே போவதுதான். அப்படி மேலே போகிறவர்களுக்குக் கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலைத்தொடர் ஒரு பெரிய புகலிடம். வடக்கு தெற்காக ஏறக்குறைய 640 கிலோமீட்டர் நீளம். கிழக்குப் பக்கம் செங்குத்தாக விழும். மேற்குப் பக்கம் மெல்லச் சரியும். 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரம் இதில்தான் இருக்கிறது. பழைய பனியாறுகள் கிரானைட் பாறையைக் குடைந்து விட்டுப்போன பள்ளங்களில் உருகிய பனிநீர் தேங்கி, ஆயிரக்கணக்கான ஏரிகள் உண்டாயின. அடிப்பாறை தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர். அந்தத் தெளிவுக்கு ஒரு காரணம், அதில் சத்து மிகக் குறைவு.

இந்த ஏரிகளின் ஆண்டு மிகச் சிறியது. உயரத்தில் உள்ளவற்றில் பனிக்கட்டி உடைவதற்கு ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடும். அக்டோபருக்குப் பிறகு மீண்டும் மூடிக்கொள்ளும். ஜூலையில் போகிறவரைக் கொசு தின்றுவிடும். ஆகஸ்ட் கடைசியில் கொசு அடங்கும். செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் கூட்டமும் கலைந்துவிடும். மலைப்பாதையில் நடப்பவருக்கு மட்டுமல்ல, மீனுக்கும் அதுவே முக்கியமான காலம். குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டிக் கூரைக்கு அடியில் கிடக்கப்போகும் உடலுக்கு வேண்டிய கொழுப்பை அது இந்தச் சில வாரங்களில் சேர்த்தாக வேண்டும்.

இவ்வளவையும் கேட்பவர்களுக்கு, இந்த ஏரிகளில் ட்ரவுட் ஆதிகாலம் தொட்டு வாழ்ந்து வருகிறது என்று தோன்றும். உண்மை வேறு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் சியெராவின் உயர்ந்த ஏரிகளில் ஏறக்குறைய எதிலுமே மீன் கிடையாது. பனியாறுகள் பின்வாங்கிய பிறகு கீழிருந்து மீன்கள் மேலேறி வர முடியாதபடி அருவிகள் வழிமறித்தன. சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்கு மேல் பெரும்பாலான நீர்நிலைகள் தவளைக்கும் பூச்சிக்கும் மட்டுமே சொந்தமாக இருந்தன. விலக்கு என்று சொல்லத்தக்கது தெற்கில் உள்ள கெர்ன் ஆற்றுப் பகுதி. அங்கே சில ஓடைகளில் தங்க ட்ரவுட் என்ற மீன் தனித்து வளர்ந்திருந்தது. பொன்னிற வயிறு, பக்கவாட்டில் சிவப்புப் பட்டை, அதன்மேல் வரிசையாகக் கருந்திட்டுகள். மற்ற ட்ரவுட் இனங்களில் குஞ்சுப் பருவத்தோடு மறைந்துவிடும் அந்தத் திட்டுகள் இதற்குக் கடைசிவரை இருக்கும்.

1876ல் ஷெர்மன் ஸ்டீவன்ஸ் என்ற மரம் அறுக்கும் ஆலைக்காரர் இந்த மீன்களில் 13ஐ மல்கி ஓடையில் பிடித்து, மலைமுகட்டைத் தாண்டிக் கொண்டுவந்து, தன் ஆலை இருந்த காட்டன்வுட் ஓடையில் விட்டார். கொண்டுவந்த பாத்திரம் காபி போடும் கூஜா என்பது அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. 1891ல் அவற்றின் வழித்தோன்றல்கள் இன்னும் மேலே, 11,000 அடி உயரத்தில் உள்ள காட்டன்வுட் ஏரிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு பல பத்தாண்டுகள் மாநில மீன்வளத் துறை தங்க ட்ரவுட் முட்டைகளை இந்த ஏரிகளிலிருந்துதான் சேகரித்தது. அங்கிருந்து சியெரா முழுவதும், மாநில எல்லைக்கு வெளியிலும் அவை பரவின. ஒரு கூஜா மீனிலிருந்து கிளைத்த வம்சம் என்று சொன்னால் அதில் மிகை அதிகமில்லை.

தங்க ட்ரவுட்டின் புகழ் வெள்ளை மாளிகைவரை போனது. எழுத்தாளர் ஸ்டூவர்ட் எட்வர்ட் வைட் இந்த மீன் அழிந்துவிடும் என்று அஞ்சி, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் முறையிட்டார். ரூஸ்வெல்ட் மீனியல் அறிஞர் பார்ட்டன் எவர்மனை 1904ல் மலைக்கு அனுப்பினார். எவர்மனின் அறிக்கை 1906ல் வெளியானது. அதில் ஒரு மீனுக்குத் தலைவரின் பெயரையே சூட்டியிருந்தார். அரசு அதிகாரிக்கு இது தெரியாத வித்தையா என்ன! 1947ல் தங்க ட்ரவுட் கலிபோர்னியாவின் மாநில நன்னீர் மீனாக அறிவிக்கப்பட்டது. சியெராவில் இது ஒரு முழம் வளர்வதே அபூர்வம். ஓடை மீன் ஒரு சாண் நீளம் இருந்தாலே பெரிது. ஆனால் வயோமிங் மாநிலத்துக்குக் கொண்டுபோகப்பட்ட அதே இனத்தில் ஒன்று, இரை மிகுந்த குக்ஸ் ஏரியில் 11 பவுண்டு எடைக்குப் பெருத்து, 1948ல் தூண்டிலில் சிக்கியது. உலக சாதனை அதுதான்.

கூஜாவுக்குப் பிறகு கோவேறு கழுதைகள் வந்தன. பால் கேன்களில் மீன்குஞ்சுகளை நிரப்பி, கழுதையின் இரு பக்கமும் கட்டி, மலைப்பாதையில் ஏற்றினார்கள். கழுதை நடக்கும் குலுக்கலில் கேனுக்குள் காற்று கலந்துகொண்டே இருக்கும், நின்றால்தான் ஆபத்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானங்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஏரிக்கு மேல் தாழப் பறந்து, விரல் நீளக் குஞ்சுகளைத் தண்ணீரோடு கொட்டினார்கள். உடல் இலேசாக இருப்பதால் பெரும்பாலானவை விழுந்தும் பிழைத்துக்கொண்டன. பாதையே இல்லாத பள்ளத்தாக்குகளிலும் மீன் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதை முற்றிலும் அந்நியமானதில்லை. நீலகிரியின் அவலாஞ்சியில் ஹெச்.சி. வில்சன் முயற்சியால் 1907ல் ட்ரவுட் பொரிப்பகம் உருவானது. மேற்கு நீலகிரியின் புல்வெளி ஓடைகளிலும், இலங்கையின் நுவரெலியாப் பக்கத்து நீர்நிலைகளிலும் நிலைத்துவிட்ட ரெயின்போ ட்ரவுட்டின் பூர்வீகம் வட பசிபிக் கரையோர ஆறுகள். துரைமார்களின் பொழுதுபோக்குக்காகக் கடல் கடந்து வந்த மீன் அது. சியெராவிலும் நடந்தது அதேதான். தூரம் மட்டும் குறைவு.

மீனை விடுவதற்கு இருந்த உற்சாகத்தில், விட்ட பிறகு என்ன ஆகும் என்று கேட்டவர்கள் குறைவு. புரூக் ட்ரவுட் இதற்கு நல்ல சாட்சி. அது அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த மீன். ரெயின்போவும் தங்க ட்ரவுட்டும் முட்டையிட ஓடும் ஓடையின் சரளைப் படுகையைத் தேடும். புரூக் ட்ரவுட்டுக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. ஏரியின் அடியில் ஊற்றுநீர் கசியும் இடம் இருந்தால் இலையுதிர் காலத்தில் அங்கேயே முட்டையிட்டுவிடும். அதனால் சத்தில்லாத சிறிய ஏரியிலும் அது பெருகிப் பெருகி, இரைக்குப் போட்டி முற்றி, தலை பெரிதும் உடல் மெலிதுமாகக் குன்றிப்போகும். சியெராவின் பன்னி ஏரியில் இப்படிக் குன்றிய புரூக் ட்ரவுட்டுகளை நார்மன் ரைமர்ஸ் என்ற ஆய்வாளர் நெடுங்காலம் கவனித்து 1979ல் எழுதினார். அவற்றில் சில 24 ஆண்டுகள் உயிரோடு இருந்தன. இந்த இனத்தின் வழக்கமான ஆயுள் அதில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. பட்டினியும் குளிரும் சேர்ந்து அவற்றின் வாழ்வையே மந்தமாக்கி நீட்டிவிட்டிருந்தன.

இனி, கோடைக் கடைசியில் ஏரிக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். ஆகவே ஆழமான ஏரியில் கோடை வெயில் மேலடுக்கை மட்டும் சூடேற்றும். குளிர்ந்த கனநீர் அடியில் தங்கிவிடும். ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி வரை சுகம். 20 தாண்டினால் தவிப்பு. குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜனைப் பிடித்துவைத்திருக்கும் என்பது இதில் முக்கியம். கடல் மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்கு 11 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும்; 20 டிகிரி நீர் 9 மில்லிகிராம்தான். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் இரண்டுமே ஏறக்குறைய 70 விழுக்காடாகக் குறையும். அதாவது, உயரத்தில் உள்ள ட்ரவுட்டைக் காப்பாற்றுவது குளிர்தான். நீர் சூடாகிவிட்டால் அங்கே அதற்குத் தாராளம் கிடையாது. நல்லவேளையாக, பத்தாயிரம் அடிக்கு மேல் இரவில் குளிர் இறங்கிவிடுவதால் ஆகஸ்ட் கடைசியிலும் பெரும்பாலான ஏரிகளின் மேல்நீர் மீன் உலவக்கூடிய வெப்பத்திலேயே இருக்கிறது. நடுப்பகலில் மீன் கொஞ்சம் ஆழத்துக்கு நகர்ந்துகொள்ளும். காலையும் மாலையும் கரையோரம் வரும்.

கரையோரம் வருவது இரைக்காக. சத்தில்லாத ஏரியில் உள்நாட்டு விளைச்சல் குறைவு. கடிக்காத கொசுபோன்ற மிட்ஜ் பூச்சிகள் ஆண்டு முழுவதும் அடிச்சேற்றில் வளர்ந்து மேலெழும். கலிபீட்டிஸ் என்ற மேஃப்ளை இனம் காலை வெயில் ஏறியபின் நீரைப் பிளந்து வெளிவந்து சிறகு விரிக்கும். இந்தப் பூச்சி ஒரே கோடையில் அடுத்தடுத்துத் தலைமுறைகளை உண்டாக்கக்கூடியது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடச் சிறியது. ஜூலையில் எடுபட்ட பொய்ப்பூச்சியை மீன் செப்டம்பரில் திரும்பிப் பார்க்காததற்கு இது ஒரு காரணம். இரண்டு அளவு சிறியதைக் கட்டினால் அதே மீன் வாய் திறக்கும்.

ஆனால் கோடைக் கடைசியின் உண்மையான விருந்து ஏரியில் விளைவதில்லை. அது காற்றில் வருகிறது. வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கின் சூடான காற்று மலைச்சரிவில் மேல்நோக்கி வீசத் தொடங்கும். அதோடு எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி, சிள்வண்டு என்று கீழ்க்காடுகளின் பூச்சிகள் பறந்தும் தூக்கப்பட்டும் மேலே வருகின்றன. குளிரில் மரத்துப்போய்ப் பனித்திட்டிலும் ஏரியிலும் விழுகின்றன. பகல் பதினோரு மணிக்கு மேல் ஏரியில் சிற்றலை எழும்பினால் பழகிய தூண்டில்காரர் சோறு உண்ணும் நினைப்பையே விட்டுவிடுவார். மழை பெய்து ஓய்ந்த பிற்பகலில் இறக்கை முளைத்த எறும்புகள் கூட்டமாக எழும். நம்மூரில் ஈசல் கிளம்புவதுபோல அவ்வளவும் ஒரே நேரத்தில் வந்து நீரில் விழும். அந்த அரை மணி நேரம் ஏரியின் மேற்பரப்பு முழுவதும் வளையம் வளையமாக உடையும். மற்ற நாட்களில் சந்தேகப்பட்டே சாகும் மீன்கள் அப்போது எதையும் ஆராய்வதில்லை.

இந்த விருந்தில் கலந்துகொள்ளத்தான் ஃப்ளை ஃபிஷிங் என்ற வித்தை. குளத்தங்கரையில் மண்புழுவைக் கோத்து, தக்கை அமிழ்வதைப் பார்த்து உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதில் சில விஷயங்கள் வேடிக்கையாக இருக்கும். தக்கை இல்லை, ஈயக்குண்டு இல்லை, புழு இல்லை. முள்ளின்மேல் இறகும் நூலும் மயிரும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிதான் இரை. அதற்கு எடையே கிடையாது. எறிந்தால் காலடியில் விழும். ஆகவே எடையைக் கயிற்றில் வைத்திருக்கிறார்கள். 5ஆம் எண் கயிறு என்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெயின் கனம், ஏறக்குறைய 9 கிராம். ஒன்பது அடிக் கோலால் அந்தக் கயிற்றைப் பின்னால் முழுதாக விரியவிட்டு, விரிந்த கணத்தில் முன்னால் தள்ளினால், அது காற்றில் சுருள் அவிழ்ந்தபடி போகும். கயிற்றின் நுனியில் ஒன்பது முதல் பன்னிரண்டு அடி நீளத்துக்கு மெல்லிய தங்கூசி நரம்பு. அதன் கடைசிப் பகுதியின் தடிமன் 0.15 மில்லிமீட்டர் அளவுதான். கனத்த கயிறு தூரத்தில் விழும். மீனுக்கு அருகில் விழுவது நரம்பும் பூச்சியும் மட்டுமே.

வித்தை புதிதல்ல. மக்கதோனிய மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றி, சேவல் இறகு இரண்டு கட்டி மீன் பிடித்ததை, கிட்டத்தட்ட 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் குறித்திருக்கிறார். அதன்பின் மாறியது கருவிகளின் பொருள்தான். மூங்கில் போய்க் கண்ணாடி இழை, அதுவும் போய்க் கார்பன் இழை வந்தது. பூச்சியைப் போலி செய்யும் தந்திரம் அப்படியே இருக்கிறது.

ஆற்றில் பழகியவர் ஏரிக்கு வந்ததும் திணறுவார். ஆற்றில் மீன் ஓரிடத்தில் நிற்கும். இரையை ஓட்டம் கொண்டுவந்து தரும். ஏரியில் ஓட்டம் கிடையாது. ஆகவே மீன்தான் இரையைத் தேடி நடக்க வேண்டும். சியெராவின் தெளிந்த ஏரியில் ஒரு பாறைமேல் அசையாமல் உட்கார்ந்து, கண்ணைக் கூசவைக்கும் ஒளியை வடிகட்டும் போலராய்டு கண்ணாடி வழியே பார்த்தால், கரையிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி, தெளிநீர் திடீரென்று ஆழ்ந்து நீலமாகும் விளிம்பையொட்டி ட்ரவுட் ரோந்து வருவது தெரியும். சில நிமிடங்களில் அதே வழியில் திரும்பும். பாறை முனை, ஓடை வந்து சேரும் வாய், காற்று பூச்சிகளை ஒதுக்கும் கரை ஆகியவை அதன் நிறுத்தங்கள்.

இங்கேதான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். மீனைக் கண்டதும் அதன்மேலேயே வீசுகிறார்கள். மேலே கயிறு பறக்கும் நிழல் விழுந்தாலே அது ஆழத்துக்குப் பாய்ந்துவிடும். தெரிந்தவர் மீன் போன பிறகு வீசுவார். பாதையில் பூச்சியை வைத்துவிட்டு, கயிற்றைத் தொடாமல், அது சுற்றி வரும்வரை காத்திருப்பார். பூச்சிக்கு ஒரு முழத் தொலைவில் மீன் வரும்போது கோலின் நுனியைக் கொஞ்சமே கொஞ்சம் அசைத்தால் எறும்பு காலை உதறியதுபோல் ஆகும். அந்த அசைவு தேவைப்படாத நாளும் உண்டு. மீன் மேலெழுந்து, பூச்சியைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் நாளும் உண்டு. அன்றைக்குப் பூச்சி பெரிது என்று பொருள்.

மீன் நம்மைப் பார்ப்பது எப்படி என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், நீருக்கடியில் உள்ள மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேல் ஒரு வட்டச் சாளரத்தில் மட்டுமே தெரியும். அந்தக் கூம்பின் கோணம் ஏறக்குறைய 97 டிகிரி. மீன் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் சாளரத்தின் குறுக்களவு 70 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆழத்துக்குப் போகப் போகச் சாளரம் விரியும். நீர்மட்டத்திலிருந்து 10 டிகிரிக்குக் கீழே உள்ளவை அந்தச் சாளரத்தின் ஓரத்தில் நசுங்கி மங்கலாகிவிடும். கணக்குப் போட்டால், பத்து மீட்டர் தள்ளி நிற்பவர் 1.75 மீட்டருக்குள் அடங்கினால் அந்த மங்கலுக்குள் வந்துவிடுவார். ஏரிக்கரையில் முழங்காலிட்டபடி மீன் பிடிப்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவர் முக்கோணவியலை மதிக்கிறார். கரையில் உயர்ந்த பாறைமேல் ஏறி நின்று வீசுகிறவர்தான் பரிதாபத்துக்குரியவர். அவரை ஏரி முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த இன்பத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைச் சொல்லாமல் மலையிலிருந்து இறங்குவது நேர்மையாகாது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் கிரின்னெலும் டிரேசி ஸ்டோரரும் சியெராவின் யோசெமிட்டிப் பகுதியின் உயிரினங்களைக் கணக்கெடுத்து 1924ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். உயர்ந்த ஏரிகளில் எங்கும் நிறைந்திருந்த உயிரினமாக அதில் பதிவானது மஞ்சள் கால் மலைத்தவளை. மீன் விடப்பட்ட ஏரிகளில் அது அருகி வருவதையும் அவர்கள் கவனித்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டு முடியும்போது அந்தத் தவளை அதன் பழைய வாழிடங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து மறைந்துவிட்டது. காரணம் அதன் வாழ்க்கை முறையிலேயே இருந்தது. குளிர்ந்த நீரில் அதன் தலைப்பிரட்டை தவளையாக மாற இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். அத்தனைக் குளிர்காலத்தையும் அது நீருக்குள் கழிக்க வேண்டும். அடிவரை உறையாத ஆழமான ஏரிகள்தான் அதற்கு உதவும். ட்ரவுட்டுக்கும் அதே ஏரிகள்தான் வேண்டும். ஓடி ஒளிய இடமில்லாத தெளிநீரில் ஆண்டுக்கணக்கில் நீந்தும் தலைப்பிரட்டையைப் பசித்த மீன் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ரோலண்ட் நாப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆயிரக்கணக்கான ஏரிகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்து இந்தத் தொடர்பை உறுதிசெய்தார்கள். வான்ஸ் விரெடன்பர்க் என்ற ஆய்வாளர், கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவின் சில ஏரிகளில் வலைபோட்டு மீனை முழுவதும் எடுத்துவிட்டுப் பார்த்தார். சில ஆண்டுகளிலேயே தவளைகள் பெருகின. 2004ல் அந்த முடிவு வெளியானது. தவளையோடு கதை நிற்கவில்லை. மலையுச்சியில் கூடு கட்டும் சாம்பல் தலை ரோஸி ஃபிஞ்ச் என்ற சிறு பறவை, மேஃப்ளை வெளிவரும் நேரத்தில் ஏரிக்கரைக்கு வந்து குஞ்சுகளுக்கு இரை சேகரிக்கும். மீன் இல்லாத ஏரிகளில் அந்தப் பறவைகள் மீனுள்ள ஏரிகளைவிட ஏறக்குறைய 6 மடங்கு அதிகம் என்று 2010ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மேஃப்ளைகளை இளம்பருவத்திலேயே ட்ரவுட் தின்றுவிட்டால், கரையில் காத்திருக்கும் பறவைக்கு எதுவும் மிஞ்சாது. காபிக் கூஜாவோடு முகடு தாண்டிய ஸ்டீவன்ஸ் ஒரு பறவையின் கூட்டைத் தொட்டிருக்கிறார் என்று அன்றைக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

மிஞ்சிய தவளைகளைத் தோலில் பரவும் கிட்ரிட் பூஞ்சை நோய் வாரிக்கொண்டு போனது. 2014ல் அமெரிக்க அரசு அந்தத் தவளையை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. ஆனால் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அந்தப் பூங்காவில் மீன்குஞ்சு விடுவது 1991ல் முழுவதும் நின்றது. அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுக் கணக்கெடுப்புகளைத் தொகுத்து, நாப் குழுவினர் 2016ல் எழுதிய கட்டுரையின்படி, பூஞ்சை இருந்தும் தவளைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 11 விழுக்காடு வீதம் கூடியிருக்கிறது.

தங்க ட்ரவுட்டும் இந்த நாடகத்தில் தப்பவில்லை. அதன் பிறந்த வீடான கெர்ன் ஓடைகளில் பிரவுன் ட்ரவுட் புகுந்து அதைத் தின்றது. ரெயின்போ கலந்து அதன் ரத்தத்தை மாற்றியது. வெளியே போய் விருந்தாளியாகப் பெருகிய மீன், சொந்த வீட்டில் விருந்தாளிகளால் நெருக்கப்பட்டது.

சில தூண்டில்காரர்கள் தவளைக்காக ஏரிகளிலிருந்து மீனை எடுப்பதை அக்கிரமம் என்கிறார்கள். அவர்கள் கோபம் புரிகிறது. அப்பாவோடு நடந்து முதல் மீன் பிடித்த ஏரியில் வலை விரிப்பதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் அவர்கள் வாதம் நிற்காது. மீனகற்றும் வேலை நடப்பது தவளை பிழைக்க வாய்ப்புள்ள, தேர்ந்தெடுத்த சில ஏரிகளில்தான். ஆழமான பெரிய ஏரிகளில் பெரும்பாலானவற்றில் ட்ரவுட் இன்றும் இருக்கிறது. தவளைக்குப் போக வேறு இடமில்லை. தூண்டில்காரருக்கு அடுத்த பள்ளத்தாக்கு இருக்கிறது.

பிடித்த மீனை விட்டுவிடுவது நாகரிகம் என்று இப்போது பரவலாகச் சொல்கிறார்கள். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் 1992ல் வெளியிட்ட ஆய்வில், ரெயின்போ ட்ரவுட்டுகளைக் களைக்கும்வரை விரட்டிப் பார்த்தார்கள். விரட்டியதோடு விட்டவற்றில் 12 விழுக்காடு இறந்தன. களைத்தபின் 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 38 விழுக்காடு, ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 விழுக்காடு. கைப்பேசியில் படம் எடுக்க ஒரு நிமிடம் போதாது என்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை படிக்கலாம். எதிர்முள்ளை நசுக்கிய தூண்டில், நனைத்த கை, நீருக்குள்ளேயே விடுவிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் மீன் பிழைக்கும். குன்றிப்போன புரூக் ட்ரவுட் நிறைந்த ஏரியில் அந்தக் கவலையும் வேண்டாம். விதி அனுமதிக்கும் அளவுக்குப் பிடித்து, உப்பும் மிளகும் தடவி வாட்டிச் சாப்பிடலாம். எஞ்சிய மீன்களுக்கு அது உபகாரம்.

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் உண்டு. கோடைக் கடைசியில் அங்கே இருப்பவர்கள் டையோகா கணவாய்க்கோ, பிஷப் ஊருக்கு மேலே உள்ள ஏரிகளுக்கோ ஒரு காலைப்பொழுது போய்வாருங்கள். கோல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாறைமேல் உட்கார்ந்து ரோந்து வரும் மீனைப் பாருங்கள். தூண்டில் போடுவதென்றால் 16 வயது நிறைந்த எவருக்கும் மாநில மீன்பிடி உரிமம் வேண்டும். காட்டுக்குள் இரவு தங்க அனுமதிச் சீட்டு தனி. மலைப்பாதை திறந்திருக்கிறதா என்பதைப் புறப்படும் நாளன்று பாருங்கள். 2020 செப்டம்பரிலும், 2021 ஆகஸ்ட் கடைசியிலும் காட்டுத்தீ காரணமாகக் கலிபோர்னியாவின் தேசியக் காடுகளை மொத்தமாகவே மூடிவிட்டார்கள்.